பின்னணி இசைக்கு எத்தனை நிமிடம்?

வெள்ளகோவிலில் பின்னணி இசை ரசிகர்கள் இரண்டு கட்சி. டைட்டில் மியூசிக், காதல் தீம், நாயகன் நடந்து வரும் இசை, இந்த மூன்றும் போதும், பத்து நிமிடத்தில் முடித்துக்கொள் என்பது ஒரு கட்சி. படத்தில் ஒலித்த எதையும் விடக் கூடாது, கதவு திறக்கும்போது நான்கு நொடி வந்துபோன வயலின்கூட வேண்டும் என்பது இன்னொரு கட்சி. கரூர் ரோட்டுப் பேக்கரி ஒன்றில் டீயும் தேங்காய்ப் பன்னுமாக இந்த வழக்கு ஓயாமல் நடக்கிறது.

"ஏனுங்ணா, முக்கா மணி நேரம் ஊஊன்னு ஒரே சத்தம். அதை ஆருங்க உக்காந்து கேப்பாங்க?" என்பார் விசைத்தறி வைத்திருக்கும் இளைஞர்.

"தறிச் சத்தத்துல உனக்குக் காது போச்சு கண்ணு. அந்த ஊஊலதான் படமே நிக்குது" என்பார் மைக்செட் அண்ணன்.

இருவரும் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் இந்தச் சண்டை தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. நமக்கு ஆல்பம் என்றால் பாட்டு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம்போல்தான் கொள்ளும். அதில் பாட்டுக்கே இடம் தட்டுப்பாடு. எல்பி வந்து பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தபோதும் அதைப் பாட்டுதான் நிறைத்தது. பின்னணி இசை படச்சுருளோடு பெட்டிக்குள் போய், அடுத்த ஊர்க் கொட்டகைக்குக் கிளம்பிவிடும்.

ஆனாலும் படம் பார்க்காமலேயே பின்னணி இசை கேட்ட தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அதற்கு வழி செய்தது ஒலிச்சித்திரம். ஞாயிறு பிற்பகலில் வானொலி ஒரு முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலியாக மட்டும் தரும். நடிகரின் முகம் தெரியாது. முகம் என்ன சொல்கிறது என்பதை வயலின்தான் சொல்ல வேண்டும். பிறகு கதை வசன கேசட்டுகள் வந்தன. 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்துத் தேய்ந்தது. ஊரின் வீரக்குமாரசாமி கோயில் தேருக்கோ ஒரு காதுகுத்துக்கோ கூம்புக் குழாய் கட்டினால், பாட்டுக்கு நடுவில் ஒரு வசன கேசட்டும் ஓடும். வசனத்தின் இடுக்குகளில் இசை வழிந்து வரும். மைக்செட் அண்ணனின் காது பழகியது அங்கேதான்.

அடுத்த பள்ளிக்கூடம் ரெக்கார்டிங் சென்டர். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு பதிந்த பிறகு ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ காலி நாடா மிஞ்சும். நல்ல கடைக்காரர் அதைச் சும்மா விடமாட்டார். எங்கிருந்தாவது ஒரு டைட்டில் மியூசிக்கைத் தேடி எடுத்து அந்த இடத்தை அடைப்பார். பின்னணி இசைக்கு எத்தனை நிமிடம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் முதல் பதில் அதுதான்: மிச்ச நாடா எவ்வளவோ அவ்வளவு.

டிவிடி வந்ததும் முழுதும் வேண்டும் என்ற கட்சிக்குக் கை ஓங்கியது. 5.1 ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். அதை அணைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கணினியில் இறக்கினால் இசை ஏறக்குறைய தனியாகக் கிடைத்துவிடும். காலடி, கார் ஹாரன், மழை எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வரும். இளையராஜாவின் எத்தனையோ பழைய படங்களின் பின்னணி இசையை ரசிகர்கள் இப்படி ஒவ்வொரு துண்டாக அறுவடை செய்தார்கள். நிறுவனம் போடாத ஆல்பத்தை ரசிகனே போட்டுக்கொண்டான்.

வெளிநாட்டிலும் இந்த வழக்குக்கு வயது அதிகம். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாஞ்சலிஸ் செய்த இசை 1994 வரை முறையாக வெளிவரவில்லை. இடையில் வேறொரு இசைக்குழு வாசித்த நகல்தான் கடையில் கிடைத்தது. அமெரிக்காவில் படத்துக்கு வாசித்த இசையைத் தட்டாக வெளியிட்டால் கலைஞர்களுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டும். அதனால் பல ஆல்பங்கள் அரை மணி நேரத்தில் நின்றன. 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் இரட்டை எல்பியாக, எழுபது நிமிடத்துக்கு மேல் வந்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. ஆக, அளவைத் தீர்மானித்தது பெரும்பாலும் பணமும் தட்டும்தான். இன்று இணையத்தில் இந்த இரண்டு தடையும் குறைவு. அதனால் முதல்முறையாக ரசனையே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீம் என்பது எங்கே வெட்டினாலும் பிழைக்கும். 1995இல் வந்த 'பாட்ஷா'வில் தேவா போட்ட இசை பத்து நொடி ரிங்டோனாகச் சுருங்கியும் சாகவில்லை. அதே ஆண்டின் 'பம்பாய்' ஆல்பத்தில் ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளோடு ஒரு கருவியிசையையும் வைத்தார். அந்த 'பம்பாய் தீம்' தன் படத்தை விட்டுக் கிளம்பி, பத்தாண்டு கழித்து 2005இல் 'லார்ட் ஆஃப் வார்' என்ற ஹாலிவுட் படத்துக்குள் போய் உட்கார்ந்தது. மெட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கால் முளைத்துவிடும்.

மெட்டில்லாத இசையின் கதை வேறு. வசனத்துக்கு அடியில் ஓடும் சூழல் இசையை எழுதுகிறவர் முதலில் குரலுக்கு வழி விடுகிறார். மனிதக் குரல் நடமாடும் நடு ஸ்தாயியைக் காலியாக வைத்து, கீழே செல்லோவையும் டபுள் பாஸையும் நீட்டுவார். மேலே வயலின்களை மெல்லிசாக விரிப்பார். தாளம் இருக்காது. சுரம் மாறினாலும், மாறிய பிறகுதான் நமக்குத் தெரியும். இதைத் தனியாகக் கேட்கும்போது நடுவில் ஒரு பள்ளம் கேட்கும். அந்தப் பள்ளம்தான் வசனம் இருந்த இடம். தேர்ந்த ரசிகன் கேட்பது அதைத்தான்: சுற்றிலும் இசை எழும்பி நிற்க, ஒரு மனிதர் பேச விடப்பட்ட வெற்றிடம். தறிக்கார இளைஞர் சொல்லும் ஊஊவுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

ஆனால் அது காதில் ஏற நேரம் வேண்டும். முதல் நிமிடம் சலிப்பு. இரண்டாவது நிமிடம் பழக்கம். மூன்றாவதில்தான் கீழே நகரும் செல்லோ பிடிபடும். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் ஆல்பம் செய்தார். அதில் மொத்தமே நான்கு துண்டுகள்; முதலாவது பதினாறு நிமிடத்துக்கு மேல். கவனித்தால் கேட்கவும், கவனிக்காவிட்டால் சூழலோடு கலந்துவிடவும் வேண்டிய இசைக்கு அந்த நீளம் அவசியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தறி ஓடும் ஊர் என்பதால் இதை இங்கே எளிதாகச் சொல்லலாம். தீம் ஊடை நூல். குறுக்கே பளிச்சென்று ஓடும், நிறம் மாற்றலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம். சூழல் இசை பாவு நூல். நீளத்தில் ஓடும், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, அறுந்தால் துணியே இல்லை. இன்றைய ஆல்பங்களில் நடப்பது பாவை முழம் முழமாக நறுக்கிக் கட்டாகக் கட்டி விற்பது. ஒரு நிமிடம் பத்து நொடி, ஐம்பது நொடி என்று முப்பது நாற்பது துண்டுகள். ஒவ்வொன்றும் காதுக்குப் பிடிபடுவதற்குள் முடிந்துவிடுகிறது. நீளமான ஆல்பம் சலிப்பதற்குக் காரணம் அதன் நீளம் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பவை குட்டையாக இருப்பதால்தான் அது சலிக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஓர் அதிசயம் தமிழில் உண்டு. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். எந்தப் படத்துக்கும் எழுதாத இசை, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் வணக்கம் சொல்லும் தொகுப்பு, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதற்கு உயிர். பாட்டே இல்லாமல் பாலுமகேந்திரா எடுத்த 'வீடு' 1988இல் வந்தபோது, அதன் பின்னணி இசையாக ஒலித்தது இந்த ஆல்பம்தான். படத்திலிருந்து ஆல்பம் பிறப்பது வழக்கம். இங்கே ஆல்பத்திலிருந்து படத்தின் இசை பிறந்தது. காட்சியின் அளவுக்கு எழுதாததால் இசை எங்கும் காட்சிக்குக் கட்டியம் கூறுவதில்லை. தன் போக்கில் போகிறது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறார் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா. அவர் சுவரைத் தொட்டுப் பார்க்கும் நேரத்துக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை என்ற உணர்வு நமக்கு வருகிறது. முழுதாக எழுதிய இசைக்கு உள்ள சுதந்திரம் அது.

2013இல் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' வந்தது. பாட்டில்லை. இளையராஜாவின் பணியைப் படத்தில் 'முன்னணி இசை' என்றே குறிப்பிட்டார்கள். பின்னணி இசைத் துண்டுகளுக்குத் தனித்தனித் தலைப்புக் கொடுத்து ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். பாட்டு ஆல்பம் விற்கும் ஊரில் இது துணிச்சல். கதையின் பெரும்பகுதி ஒரே இரவில் ஓடுவதால் இசையிலும் அந்த இரவின் தொடர்ச்சி இருக்கிறது. துண்டுகளுக்குப் பெயர் இருந்தாலும் ஒரே மூச்சில் கேட்க முடிகிறது.

பாட்டும் பின்னணியும் இரண்டு தனிச் சரக்கு என்ற எண்ணத்தை இளையராஜா ஏற்றதில்லை. 'தாரை தப்பட்டை'யின் பின்னணி இசைக்குத் தேசிய விருது அறிவித்தபோது, இசை விருதைப் பாட்டுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று எனப் பிரித்ததை வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். அந்த வாதத்தை ஆல்பத்துக்கும் நீட்டலாம். பாட்டுத் தட்டு தனி, பின்னணித் தட்டு தனி என்று வைப்பதைவிட, பாட்டிலிருந்து பிறந்த பின்னணியை அந்தப் பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தால் கேட்பவருக்கு வேர் தெரியும்.

மறுமுனையில் 2024இல் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பின்னணி இசையையே விலக்கிவிட்டது. வண்டிச் சத்தம், காற்று, சேவல், மனிதர் மூச்சு, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வந்த தறிக்காரர், "இதுக்கு ஆல்பமே வேண்டாமுங்" என்று ஜெயித்த மாதிரிச் சொன்னார். உண்மையில் அவர் தோற்ற இடம் அது. ஒன்றரை மணி நேரம் மெட்டில்லாத ஒலியை அசையாமல் கேட்டிருக்கிறாரே!

என் தீர்ப்பு இது. ஆவணத்துக்கு எல்லாவற்றையும் வெளியிடுங்கள். நான்கு நொடி வயலினும் இருக்கட்டும், ஆராய்கிறவன் தேடிக்கொள்வான். கேட்பதற்கென்று போடும் ஆல்பம் இருபத்தைந்து நிமிடம் போதும். அதில் தீம்கள் மூன்று நான்கு. மிச்சம் சூழல் இசை. ஆனால் இரண்டே துண்டு, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம், வெட்டாமல். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுப்பதில்தான் இசையமைப்பாளரின் ரசனை தெரியும். இந்தக் கணக்கை பேக்கரியில் வைத்தபோது மைக்செட் அண்ணன் இரண்டு போதாது, மூன்று என்றார். தறிக்காரர் ஒன்று என்றார். தீம் மட்டும் போதும் என்றிருந்தவர் ஒன்றுக்கு இறங்கி வந்ததே எனக்குப் போதும்.