பபூனுக்குப் போகட்டும் இயாகோ

சிவாஜி ஒதெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா. 'இரத்தத் திலகம்' (1963) படத்துக்குள் ஆங்கிலத்தில் வரும் அந்த ஷேக்ஸ்பியர் நாடகத்தை இன்றும் சிலாகிக்கிறோம். படம் எடுத்துக்கொண்டது கொலைக் கட்டத்தை மட்டும். பொறாமை எப்படி மூண்டது என்று காட்ட இடமில்லாததால் மொத்தப் பாரமும் சிவாஜியின் கண்மேல் விழுகிறது. அவர் தாங்குகிறார். ஆனால் உண்மையான ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மூல நாடகத்தின் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. மனைவியை நம்பி உள்ளே வரும் தளபதி ஒதெல்லோ, காட்சி முடிவதற்குள் அவளோடு சேர்த்துச் சந்தேகிக்கும் தன் துணைத்தளபதி கேசியோவைத் தீர்த்துக்கட்டச் சொல்கிறான். இடையில் அவனிடம் பணிபுரியும் இயாகோ செய்தது என்ன? பாதி சொல்லி நிறுத்துவான், கேட்டால் மழுப்புவான். டெஸ்டிமோனாவின் கைக்குட்டைகூட அவன் விழவைத்ததல்ல. தானாகக் கீழே விழுந்தது. கிடைத்ததை வைத்து ஆடுகிறான்.

இந்த வித்தை கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்துத் திருவிழா மேடைக்குப் புதிதல்ல. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள், ஒத்திகை கிடையாது. எதிராளி விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு, சனங்களைப் பார்த்து நேராகப் பேசிச் சிரிக்க வைப்பவர் பபூன். இயாகோவும் தன் சதியை நம்மிடம்தான் முதலில் சொல்கிறான். நாடகத்தில் எல்லோரும் அவனை நேர்மையானவன் என்கிறார்கள். முறைக்கிற வில்லனிடம் அந்த வேஷத்தைக் கொடுத்தால் அதை யார் நம்புவார்? பபூனிடம் கொடுங்கள். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு மாட்டிக்கொள்வோம்.

மலை தாண்டிய மலையாளத்தில் ஜெயராஜ் இதைச் செய்து காட்டிவிட்டார். 'களியாட்டம்' (1997) படத்தில் இயாகோவுக்கு இணையான பணியன், தெய்யம் என்னும் சடங்காட்டத்தில் கோமாளி வேஷம் கட்டுபவன். அவன் கண் ஒதெல்லோவுக்கு இணையான பெருமலையனின் தீச்சாமுண்டி வேஷத்தின் மேல். பெருமலையனாக நடித்த சுரேஷ் கோபிக்கு தேசிய விருது கிடைத்தது. எனக்கு நினைவில் நிற்பது பணியனாக வந்த லால்.

இன்னொன்று, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் கடைசிக் காட்சியில் பெண் கொலை ஒன்றல்ல, இரண்டு. உண்மையை உடைத்த மனைவி எமிலியாவை இயாகோ குத்திக் கொல்கிறான். ஒதெல்லோ கொன்றது சந்தேகத்தில். இவன் கொன்றது வாயை அடைக்க. அதுவரை சிரிக்க வைத்த ஆள் இதைச் செய்தால் கொட்டகை தாங்காது.

ஒரே சிக்கல்தான். இந்த நாடகத்தில் ஒதெல்லோவைவிட இயாகோவுக்கு வசனம் அதிகம். நோட்டீஸில் நாயகன் வேஷமான ராஜபார்ட் படத்தைப் பெரிதாகப் போடுவதா, பபூன் படத்தையா என்று விழாக் கமிட்டிதான் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்.