ஒரு செம்பு தண்ணீர் கேட்கும் அடிபம்பு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன; பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. மோட்டார் ஓடாமல் மாடித்தொட்டிகள் காலியான அந்த நாட்களில் கொல்லைப்புறத்து அடிபம்புக்குத்தான் மரியாதை.

எவ்வளவு எளிய கருவி! இரும்பு உருளைக்குள் ஒரு தண்டு, அதன் முனையில் தோல் வாஷர், அடியில் ஒரு வால்வு. கைப்பிடியை அமுக்கினால் தண்டு மேலேறும், குழாய்க்குள் அழுத்தம் குறையும், வெளிக்காற்றின் எடை நிலத்தடி நீரை மேலே தள்ளும். பம்பு உறிஞ்சுகிறது என்று நாம் நினைக்கிறோம். வேலை பார்ப்பது என்னவோ காற்று. அதனால்தான் நீர்மட்டம் சுமார் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் பயில்வான் வந்து அடித்தாலும் சொட்டு வராது.

வாஷர் காய்ந்தால் முரண்டு பிடிக்கும். மேலே ஒரு செம்பு ஊற்றினால் தோல் ஊறி, நாலு அடியில் வழிக்கு வரும். கிழிந்த வாஷரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். இன்வெர்ட்டருக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள் அடிபம்பைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிதம்பரம் பக்கம் வெள்ளம் சூழும் தெருக்களில் மட்டும் பம்புக்கு உயர மேடை வேண்டும். வெள்ளநீர் கலந்துவிட்டால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.