கால்டுவெல் எழுதிய ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்

மதமாற்றம் பற்றி நம்ம பக்கம் பேச்சு ஆரம்பித்தால் ரெண்டாவது நிமிஷத்தில் கோதுமையும் பால்பவுடரும் வந்துவிடும். கொடுத்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள், அதற்காகத்தான் மாறினார்களா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் பழைய கதையையும் அதற்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமையின் கதையையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. நாடார் சமூகத்தில் மிஷனரிகள் மீது எழுந்த பெரிய கோபம் அவர்கள் கொடுத்ததைப் பற்றியது அல்ல, எழுதியதைப் பற்றியது.

அந்த எழுத்து ராபர்ட் கால்டுவெல்லின் 'தி டின்னவெலி ஷானார்ஸ்'. 1849ல் சென்னையில் அச்சானது. மெரினாவில் சிலையாக நிற்கிற அதே கால்டுவெல்தான். 1856ல் வந்த ஒப்பிலக்கணத்தைத் தமிழர்கள் நன்றியோடு நினைக்கிறோம், அதற்கு ஏழு வருஷம் முந்தைய இந்தச் சிறு நூலைப் பற்றிப் பேசுவதில்லை. இடையன்குடியில் தன்னைச் சுற்றி வாழ்ந்த மக்களைப் பற்றி அவர் இதில் சொன்னவை: இவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், இவர்களுடைய மதம் பேய் வழிபாடு, அறிவில் மந்தமானவர்கள். நூலின் நீளமான தலைப்பே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. இந்தச் சாதியாரின் மதத்தையும் ஒழுக்க நிலையையும், இவர்களிடையே கிறிஸ்தவம் பரவுவதற்கு உள்ள வசதிகளையும் தடைகளையும் பற்றிய சித்திரம் அது.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வகை எழுத்து உடனே பிடிபடும். இது கிளையன்ட்டுக்குப் போகிற ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறவன் கையில் அந்த ரிப்போர்ட் போகாது, அவனைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கும். நிலைமை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அடுத்த தவணைப் பணத்துக்கு நியாயம். நூலின் அடுத்த பதிப்பு மறு வருஷமே லண்டனில் வந்தது. இங்கிலாந்தில் காணிக்கை போடுகிறவர்கள்தான் அதன் இயல்பான வாசகர்கள். பனையேறியின் பேரன் ஒருநாள் இங்கிலீஷ் படித்து இதை எடுத்துப் பார்ப்பான் என்பது கணக்கில் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பேரனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்ததும் மிஷன் பள்ளிக்கூடம்தான்!

பேரன் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு 1857ல் தனியாக ஒரு சபையையே தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரர்களின் பழக்கவழக்கங்களை ஒதுக்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்ட இந்து கிறிஸ்தவ சபை அது. இயேசுவை அவர் விடவில்லை. தன் ஜனங்களை இழிவாக எழுதியவர்களின் சபையைத்தான் விட்டார். காரணம் அந்த ஒரு நூல் மட்டுமல்ல, ஆனால் அதன் மீதான கசப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1880களிலும் இதே நூலுக்கு எதிராகக் கிறிஸ்தவ நாடார்களே மனு மேல் மனு போட்டார்கள். மாறியவர்களுக்கு மூளை இல்லை என்று நினைக்கிறவர்கள் இந்த மனுக்களைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிவகாசிப் பக்கம் வந்தவர் வேறு மாதிரி ஆள். தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ. சி.எம்.எஸ். சங்கத்துக்குச் சென்னையில் செயலாளராக இருந்தார். அதை விட்டுவிட்டு 1854ல் வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். 1858 அக்டோபரில் நுரையீரல் நோயோடு சிவகாசியிலேயே இறந்தார். அந்த நாலு வருஷத்தில் கிடைத்த ஆட்கள் சொற்பம், சொல்லப்போனால் தோல்விதான். எனக்கு அந்தத் தோல்வியில் ஒரு நேர்மை தெரிகிறது. கூடாரத்து வாசலில் நின்று நேரில் பேசுகிறவனை எதிரில் இருப்பவர் "போதும் சாமி, கிளம்புங்க" என்று சொல்லிவிடலாம். இந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு வசதியும் இருந்தது. தெற்கே பனங்காட்டில் இருந்தவருக்கு மிஷன் ஒரு பாதுகாப்பு. வடக்கே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் வியாபாரிகளுக்கு உறவின்முறையும், சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்கிற மகிமைப் பணமும் இருந்தன. 1889ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை அவர்களே தொடங்கினார்கள். பின்னால் காமராஜர் படித்த பள்ளி. தெற்கே மிஷன் பள்ளிகள் என்ன செய்தன என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார்கள், ஞானஸ்நானத்தை விட்டுவிட்டார்கள்.

ஆனால் விலை குறைவாக இல்லை. 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் நுழைவு வழக்கானது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908ல் தோற்றது. நடுவில், 1899 ஜூன் 6 அன்று சிவகாசியே தாக்கப்பட்டது. கோயிலுக்குள் நீ வரக்கூடாது என்று ஒரு பக்கம் தடுக்கிறார்கள். உன் மதமே பேய் வழிபாடு என்று இன்னொரு பக்கம் ஒரு பாதிரியார் அச்சில் ஏற்றி வைத்திருக்கிறார். கால்டுவெல் வர்ணனையின் கனத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1877-78ல் ஆயிரக்கணக்கில் மிஷனில் சேர்ந்தார்கள். இது வயிற்றுக்காகத்தானே என்ற கேள்வி அன்றைக்கே கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. கால்டுவெல் மழுப்பவில்லை. படிக்காத கிராமத்து ஜனங்கள் எந்தக் காரியத்தையும் உயர்ந்த நோக்கத்தோடு செய்வதில்லை, முதலில் வரட்டும், நோக்கம் பிறகு உயரும் என்ற பொருளில் எழுதினார். கஞ்சி ஊற்றியதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. பசித்தவன் கணக்குப் போடத் தெரிந்தவன். கஞ்சி ஊற்றின கையே எழுதிய அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது.

இதே வாக்கியம் எதிர்முகாமிலும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2002ல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் பொதுவாக மூன்று வருஷம் வரை தண்டனை. மாற்றப்பட்டவர் மைனராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நாலு வருஷம் வரை. பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். வயது வந்த ஒரு பெண்ணையும், எம்.ஏ. படித்த ஒரு தலித்தையும் மைனர் பையனோடு ஒரே பெட்டியில் போட்ட பாதுகாப்பு. 2004 தேர்தலில் தோற்றபின் அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. 'அரிசிக் கிறிஸ்தவன்' என்று கேலி செய்கிறவரும் இடையன்குடி பாதிரியாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

2011ல் உலகத் திருச்சபை மன்றம், வத்திக்கான், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து நற்செய்திப் பணிக்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டன. ஆசை காட்டக்கூடாது என்பதும் அதில் உண்டு, பிற மதங்களைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பதும் உண்டு. முதலாவதைத்தான் எல்லோரும் விவாதிக்கிறார்கள், இரண்டாவது கண்டுகொள்ளப்படவில்லை. சிவகாசியை ஒட்டி மிஷன் வேரூன்றிய ஊரின் பெயர் சாட்சியாபுரம். அந்தப் பெயரில் இருக்கிற சொல்லுக்கே இந்த இரண்டாவது விதி பொருந்தும்.

வெளிநாட்டுக் காணிக்கைக்கு எழுதுகிற நண்பர்கள் எனக்கு உண்டு, நல்லவர்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கடிதத்தைத் தமிழில் போட்டு, அது யாரைப் பற்றியதோ அந்தத் தெருவில் நின்று வாசிக்க முடியுமா? 'இருளில் கிடக்கும் கிராமம்' என்ற வரியை அந்தக் கிராமத்து டீக்கடையில் சொல்ல முடியுமா? இதே கேள்வி தீப்பெட்டிச் சிறுவர்களின் படத்தை வைத்தே வருஷக்கணக்காக நிதி திரட்டிய தொண்டு நிறுவனங்களுக்கும் உண்டு. குழந்தைத் தொழில் பொய் இல்லை, 1996ல் உச்ச நீதிமன்றமே இங்குள்ள நிலைமையை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஊர் முழுக்க அந்த ஒரே படம்தான் என்றால் ஊர்க்காரனுக்குக் கோபம் வரும்.

1849ல் எழுதியது சம்பந்தப்பட்டவர்கள் கைக்கு வந்துசேர வருஷக்கணக்கு ஆனது. இப்போது ராத்திரி அனுப்புகிற பிரார்த்தனைக் குறிப்பு, காலையில் பட்டாசு ஆலைக்குக் கிளம்புகிறவருடைய போனிலேயே ஃபார்வர்டாக வந்து நிற்கிறது.