சாவி யார் கையில்?

1959-இல் வெளிவந்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' என்கிற அமெரிக்கப் படத்தைப் பற்றி நம்ம தோழர்கள் மத்தியிலே ஒரு விளக்கம் சுத்திக்கிட்டிருக்கு. வெள்ளையர் ஒருத்தர், கறுப்பர் ஒருத்தர், சேர்ந்து வங்கிக் கொள்ளைக்குப் போறாங்க. ஒருத்தரை ஒருத்தர் வெறுக்கிறாங்க. அந்த வெறுப்பாலேயே ரெண்டு பேரும் எரிஞ்சு சாகிறாங்க. ஆகவே இனம், சாதி என்று பேசிப் பிரிந்து நிற்காதீர்கள் – இதுதான் படம் சொல்லும் சேதியாம். திரையிடல் முடிந்து விவாதம் என்று உட்கார்ந்தால் முதலில் எழுந்திருப்பவர் இதைத்தான் சொல்கிறார். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. படத்தை இன்னொரு தடவை பாருங்கள் என்கிறேன். கதாநாயகன் யார், வில்லன் யார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, கார்ச் சாவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

கதை சிறியது. பர்க் முன்னாள் போலீஸ்காரன். மாநில அரசின் குற்ற விசாரணையில் வாய் திறக்க மறுத்ததால் வேலையும் பேரும் போனவன். தன்னைக் கைவிட்ட உலகத்தின்மேல் அவனுக்கு ஒரு வஞ்சம். நியூயார்க்குக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் வங்கியைக் குறி வைக்கிறான். அவன் கூப்பிடும் முதல் ஆள் ஸ்லேட்டர். ஜெயிலுக்குப் போய் வந்தவன், வயசு ஏறிப்போச்சு, நிலையான வேலை கிடையாது, கூட வாழும் பெண்ணின் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான். இரண்டாவது ஆள் ஜானி இன்கிராம். இரவு விடுதியில் பாடுகிற கறுப்பினக் கலைஞன். குதிரைப் பந்தயக் கடன் கழுத்தை நெரிக்கிறது.

ஜெயிலிலிருந்து வந்தவன் சமூகத்தின்மேல் பழி தீர்த்துக்கொள்ளக் கொள்ளையடிப்பது குற்றப் படங்களில் புளித்துப்போன சரக்கு. அந்தப் படங்களிலெல்லாம் நாம அவன் பக்கம்தான் நிற்போம். வேலை தர மாட்டேங்கிறான், மதிக்க மாட்டேங்கிறான், என்ன பண்ணுவான் பாவம் என்று உச்சுக்கொட்டுவோம். ராபர்ட் வைஸ் இயக்கிய இந்தப் படத்திலும் ஸ்லேட்டரின் அவமானம் ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து காட்டுகிறார்கள். ராபர்ட் ரையன் அசலாகச் செய்திருக்கிறார். ஆனால் அவனுடைய கோபம் எங்கே போய் இறங்குகிறது? அவனைக் கசக்கிப் பிழிந்தவன்மேல் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஜானிமேல்.

ஆரம்பக் காட்சியிலேயே இது வந்துவிடுகிறது. தெருவில் ஓடி வந்து மோதும் கறுப்பினச் சிறுமியை ஸ்லேட்டர் தூக்கிக் கொஞ்சுகிறான். கொஞ்சுகிற வார்த்தையே இழிசொல். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான். பேரைச் சொல்லாமல் சாதியைச் சொல்லிப் பாசமாகக் கூப்பிடுகிற பெரிய மனுஷங்களை நமக்குத் தெரியாதா என்ன? அடுத்து லிப்டில் ஏறுகிறான். அதை இயக்குகிற கறுப்பின ஊழியர் பேச்சுக் கொடுக்கிறார். இவன் முகம் கொடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அதே லிப்டில் ஜானி வருகிறான். அதே ஊழியர், இப்போ சிரிப்பும் கேலியும். வசனத்தில் யாரும் விளக்கவில்லை. இந்த மாதிரி இடங்களில்தான் படம் நிற்கிறது.

கொள்ளைத் திட்டத்துக்கு வருவோம். வியாழக்கிழமை மாலை வங்கியைப் பூட்டிவிட்டு உள்ளே சம்பளப் பணம் எண்ணுவார்கள். ஆறு மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கறுப்பின ஊழியர் காபியும் சாண்ட்விச்சும் கொண்டுவருவார். அவருக்கு மட்டும் பக்கவாட்டுக் கதவு திறக்கும். அசல் ஆளைத் தாமதப்படுத்திவிட்டு, அந்த வெள்ளைக் கோட்டில் ஜானி போய் நிற்க வேண்டும். முகம் வேற என்று கண்டுபிடிக்க மாட்டானா? மாட்டான். கோட்டையும் தோலையும்தான் பார்ப்பான். ஜானியின் குரலோ திறமையோ யாருக்கும் வேண்டியதில்லை. அந்த முகம் யார் கண்ணிலும் பதியாது என்பதுதான் அவனுக்குத் தகுதி.

படிப்பு முடித்த புதுசில் ஒரு அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கையில் சான்றிதழ் கட்டு. உள்ளே நுழைந்ததும் மேசையிலிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை டீ கொண்டாந்தே?" என்றார். ஜானி அந்தக் கதவைத் தட்டும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, மாட்டிக்கொள்வானோ என்ற பயத்தால் இல்லை.

படம் சறுக்குகிற இடமும் உண்டு. ஜானியைப் பிரிந்த மனைவி ரூத், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் வெள்ளையர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஜானி அவளைக் குத்திக் காட்டுகிறான். தன் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்று ஒரு கறுப்பினத் தாய் படும் பாடு இளப்பமா? அவள் பக்கத்து நியாயத்துக்குப் படம் ஒதுக்குவது சில நிமிடங்கள்தான்.

இப்போ சாவி. திட்டப்படி ஜானிதான் காரை எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஸ்லேட்டர் ஜானியை நம்ப மாட்டேன் என்று சாவியைப் பர்க்கிடம் கொடுக்கிறான். வெளியே வந்த பர்க் போலீஸ் குண்டு பட்டு விழுகிறான். சாவி அவனோடு தெருவில் கிடக்கிறது. இவர்களுக்குப் போக வழியில்லை. பர்க் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். மீந்த இருவரும் ஒருவரை ஒருவர் துரத்தி எரிவாயுத் தொட்டிமேல் ஏறிச் சுட, எல்லாம் வெடிக்கிறது. கருகின உடல்களில் எது யார் என்று அடையாளம் தெரியவில்லை.

செத்தா எல்லாரும் ஒண்ணு என்று இதைப் பார்த்துத்தான் கை தட்டுகிறார்கள். சுடுகாடே ரெண்டாக இருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு! வில்லியம் மெக்கிவர்ன் எழுதிய மூல நாவல் (1957) இப்படி முடியவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு நெருக்கம் வளர்கிறது. சினிமாவில் அந்தச் சமரசம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. 1958-இன் 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் வெள்ளைத் தோழனுக்காக சிட்னி பாய்ட்டியே ஓடும் ரயிலிலிருந்து குதிப்பார். ஹார்லெம் ரசிகர்கள் அதற்காக அவரைத் திட்டித் தீர்த்ததை ஜேம்ஸ் பால்ட்வின் எழுதியிருக்கிறார். அந்தப் பொய்ச் சமரசத்தை மறுத்தவரை சரி. மறுத்த வேகத்தில் இரண்டு பேர் குற்றத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இத்தனைக்கும் படம் ஜானியாக நடித்த ஹாரி பெலஃபாண்டேயின் சொந்தத் தயாரிப்பு. எழுதியவர் ஆப்ரகாம் பொலான்ஸ்கி. கம்யூனிஸ்ட் வேட்டையில் 1951-இல் விசாரிக்கப்பட்டு, பெயர் சொல்ல மறுத்து, கறுப்புப் பட்டியலில் போனவர். வாய் திறக்காமல் வாழ்விழந்த பர்க் எங்கிருந்து வந்தான் என்று தெரிகிறதா? பொலான்ஸ்கி பெயரைப் போட முடியாததால் கறுப்பின நாவலாசிரியர் ஜான் ஆலிவர் கில்லன்ஸ் தன் பெயரைக் கொடுத்தார். பொலான்ஸ்கியின் பெயர் திரும்பியது 1996-இல்தான். கறுப்பர் உழைப்பு வெள்ளையர் பெயரில் போவதே வழக்கமாக இருந்த நாட்டில் இது தலைகீழ். கில்லன்ஸைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

போன முறை ஒரு விடுதி மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டோம். பர்க் விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பேச்சை ஆரம்பித்தோம். வழக்கம்போல ஸ்லேட்டரை எல்லாரும் சாத்தினார்கள். பின்னால் இருந்த ஒரு முதலாண்டு மாணவி, "அண்ணே, ஸ்லேட்டரை விடுங்க, அவன் அப்படித்தான். இந்தப் பர்க் நல்லவன்தானே? நிறமெல்லாம் இங்க பேசக்கூடாதுன்னு முன்னாடி அதட்டினவன்தானே? சாவி கைக்கு வந்ததும் அவனாவது ஜானிகிட்ட கொடுத்திருக்கலாமில்ல?" என்று கேட்டாள். சண்டை வேண்டாம், காரியம் நடக்கட்டும்னு தானே வச்சுக்கிட்டான் என்று ஒரு பையன் சொன்னான். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் பர்க்கைப் பற்றித்தான் பேசினோம். மிச்சப் படத்தைப் போட நேரமில்லை.