அலெக்சிஸ் வைசன்பேர்க்: ஒரு குற்றச்சாட்டின் மறுநோக்கு

கலைஞனின் ஆற்றுகையை அவன் வாழ்க்கையைக் கொண்டு விளக்க முற்படுதல் விமர்சனத்தில் எளிதான வழி. பல வேளைகளிற் பிழையான வழியுமாகும். பல்கேரியப் பியானோக் கலைஞர் அலெக்சிஸ் வைசன்பேர்க் (1929–2012) தொடர்பாக இரண்டு செய்திகளே திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றன. ஒன்று, அக்கோடியன் அவர் உயிரைக் காத்த கதை. மற்றையது, அவரது வாசிப்பு உணர்ச்சியற்றது, உருக்குப் போன்றது என்னும் குற்றச்சாட்டு. இவ்விரண்டும் ஒருங்கு வைத்து நோக்கப்படுவது அரிது.

சோபியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், இளம் பராயத்திலேயே பஞ்சோ விளாடிகெரோவிடம் பயின்றார். பேர்லினில் மக்ஸ் றைன்ஹார்ட்டின் நாடக அரங்கிற் பணியாற்றி 1932 இல் தாயகம் மீண்ட விளாடிகெரோவ், பல்கேரிய நாட்டார் இசையின் சந்தங்களை ஐரோப்பியச் செவ்வியல் வடிவங்களுட் கொணர்ந்தவர். ஆசிரியர் படைப்பாளியாகவும் இருந்தமையால், இசையை விரற்பயிற்சியாக மட்டுமன்றிக் கட்டியமைக்கப்பட்ட பொருளாகவும் மாணவன் கண்டிருத்தல் இயல்பே.

1941 இல் தாயும் மகனும் துருக்கிக்குத் தப்ப முயன்று பிடிபட்டு முகாமில் அடைக்கப்பட்டனர். சிறுவன் அக்கோடியனில் வாசித்த சூபேட்டை விரும்பிக் கேட்ட ஜேர்மன் காவலாளி ஒருவன், ஈற்றில் இருவரையும் புகையிரதத்தில் ஏற்றிவிட்டு, அக்கோடியனையும் சாளரத்தினூடாக உள்ளே எறிந்தான் என வைசன்பேர்க்கே பிற்காலத்திற் கூறியுள்ளார். இசையின் வெற்றி என இதனை உருகிச் சொல்வோர், சூபேட்டை இரசித்த அதே மனிதன்தான் முகாமையும் காவல் காத்தான் என்பதை மறந்துவிடுகின்றனர். இசையால் நெகிழ்தல் வேறு, நல்லவனாதல் வேறு என்பதைப் பன்னிரண்டு வயதளவில் அறிய நேர்ந்த ஒருவர், பின்னாளிற் கேட்போரை நெகிழவைக்க விரையாதது வியப்பன்று. இதுவும் வாழ்க்கையைக் கொண்டு கூறும் விளக்கமே. ஆயினும் உருகிச் சொல்லும் விளக்கத்தினும் இது அவரது வாசிப்புக்கு நெருங்கியது.

பலஸ்தீனம் வழியாக நியூயோர்க்கின் ஜூலியாட் பள்ளியை அடைந்து, 1947 இல் லெவென்றிற் பரிசு பெற்றார். புகழ் கைவந்த நிலையில், 1956 அளவில் கச்சேரி மேடைகளிலிருந்து ஒதுங்கிப் பத்தாண்டுக் காலம் பயில்வதிலும் கற்பிப்பதிலும் கழித்தார். இம்மௌனமே அவர் வாழ்வின் மிகத் துணிவான செயல் எனலாம். ஸ்ராவின்ஸ்கியின் ‘பெற்றுஷ்கா’வை அவர் வாசிக்கும் திரைப்படம் 1965 இல் வெளிவந்தது. விரல்களையும் கட்டைகளையும் சுத்தியல்களையுமே அது அண்மையிற் காட்டிற்று. இசைக்கலைஞனின் முகபாவத்தை நாடவில்லை. அதனைக் கண்ட கராயன் அவரை அழைத்துக்கொண்டமை அறியப்பட்டதே.

குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. சோப்பானில் மூச்சுவிட வேண்டிய இடங்களிலும் அவரது வேகம் இரக்கமின்றி ஓடுவதுண்டு. ஆனால் பாக்கின் பார்ட்டிற்றாக்களிலும் டெபுசியிலும் அதே கண்டிப்பு ஒவ்வொரு குரலையும் தனித்தனியே கேட்கச் செய்கின்றது. ஆங்கு குளிர்ச்சி என்பது தெளிவின் மறுபெயர்.

மேலும், ஐம்பதுகளிற் பிரெஞ்சுப் பாடகர் சார்ள் றெனேயின் பாடல்களைக் குறும்பும் கனிவும் ததும்பப் பியானோவுக்கு அமைத்து வாசித்தவரும் இவரே. இசைத்தட்டில் அவர் பெயர் இடம்பெறவில்லை; ‘திருவாளர் எவருமில்லை’ என்றே பொறிக்கப்பட்டது. பல்லாண்டுகளின் பின் கனேடியக் கலைஞர் மார்க்-அந்திரே ஹாமெலின் அத்தட்டைச் செவியாற் கேட்டே சுரங்களைக் குறித்தெடுத்தார். 2008 இல் அவை அவரது ஒலிப்பதிவில், வைசன்பேர்க்கின் பெயருடன் வெளிவந்தன.