மூன்றாவது தெரு

நகீப் மஹ்பூஸின் கெய்ரோ நாவல்கள் மூன்றையும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் தொடர்ந்து படித்து முடித்தேன். மூன்றுக்கும் தெருப் பெயர்கள்தாம் தலைப்பு. முதல் இரண்டும் தந்த வேகத்தில் கடைசி நாவலான ‘அல் சுக்கரிய்யா’வை (1957) எடுத்தேன். ஏமாற்றம். பாதியில் மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பிடிவாதமாக முடித்தேன்.

முதல் நாவலில் அரசியல் வீட்டுக்குள் எப்படி வருகிறது? 1919 கிளர்ச்சி. இங்கிலீஷ் சிப்பாய்கள் வாசலிலேயே கூடாரம் அடிக்கிறார்கள். சின்னப் பையன் கமால் அவர்களுக்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறான். அண்ணன் ஃபஹ்மி அப்பாவுக்குத் தெரியாமல் துண்டுப் பிரசுரம் விநியோகிக்கிறான். கடைசியில் ஊர்வலத்தில் குண்டுபட்டுச் சாகிறான். அரசியல் பேச்சும் உண்டு. அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடிக்கிற நேரத்துப் பேச்சு அது. அவள் வெகுளியாக ஏதாவது கேட்பாள்.

மூன்றாவதில் மகள் கதீஜாவின் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு, மற்றவன் கம்யூனிஸ்ட். ஒரே வீட்டில் இரண்டு தலையங்கங்கள். ஒரே இரவில் இருவரையும் போலீஸ் கொண்டுபோகிறது. கணக்கு சரியாக வருகிறது, ஆட்களைத்தான் காணோம். 1952 புரட்சிக்கு முன்பே எழுதி முடித்தது, என்ன தீர்க்கதரிசனம் பார் என்கிறார் நண்பர் ஒருவர். இருக்கட்டும். அதற்கு நாவல் எதற்கு?

என் புகார் அமீனாவைப் பற்றியது. புருஷனுக்குத் தெரியாமல் ஒரே ஒருமுறை பள்ளிவாசலுக்குப் போய், மோட்டார் மோதி எலும்பு முறிந்து, அதற்குத் தண்டனையாகத் தாய்வீட்டுக்கு விரட்டப்பட்டவள். மூன்றாவது நாவலில் அந்தப் புருஷன், ஊரே நடுங்கிய சையது அகமது, இதய நோயோடு வீட்டில் கிடக்கிறார். இவள் தினம் பள்ளிவாசல், தர்கா என்று போய் வருகிறாள். மரச் சல்லடை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது இப்போது அவர். இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் என்ன செய்தது என்பது முழுக்க இங்கே இருக்கிறது. அவள் அந்தத் தெருவில் நடக்கும்போது மனசில் என்ன ஓடியது? சந்தோஷமா, குற்ற உணர்வா, பழைய வலியா? மஹ்பூஸ் தொட்டுவிட்டு, பேரனோடு பத்திரிகை ஆபீசுக்குப் போய்விடுகிறார்.

கடைசிப் பக்கங்களில் கமால் கடைக்குப் போகிறான். அம்மா நினைவிழந்து கிடக்கிறாள், இன்னும் சாகவில்லை. அவன் கறுப்பு டை வாங்குகிறான். அப்பாவுக்குத் துக்கம் காத்தபோது கட்டியது நைந்துவிட்டது. கூட வந்த அண்ணன் யாசின் பிறக்கப்போகிற குழந்தைக்குத் துணி வாங்குகிறான். இப்படி எழுதத் தெரிந்தவர்தான் அந்த விவாத அத்தியாயங்களையும் எழுதினார் என்பதில்தான் எனக்குக் கோபம்.