வேர்ப்பக்கம் எது?

பேராதனையில் மகாவலிக் கரையோரம் நிழல் தேடி அமர்வோர்க்கு மிக உகந்த வினோதம், சிங்கள மக்கள் போற்றும் பௌத்தக் கதையான உம்மக்க ஜாதகத்தின் புதிர்க்கதைகளே என்பேன். கடைந்து வழவழப்பாக்கிய ஒரு சாண் கருங்காலிக் கோலில் அடி எது, நுனி எது என்று விதேக மன்னன் வினவ, கதைநாயகனான பாலன் மகோசதன் அதன் மத்தியில் நூலைக் கட்டி நீர்ப்பரப்பின்மேல் பிடிக்கவும், கனத்த வேர்ப்பக்கம் முதலில் அமிழ்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாதத்தைவிடச் சோதனையே பிரதானமென்று ஒரு புராதனக் கதை கருதியிருப்பது எத்தனை ரம்மியம்! வாசகனையே துப்பறிவாளனாக்கி, கதைக்குள் 12 மணி நேரக் கெடு விதித்து, கொலையின் மர்மத்தைத் துலக்கச் சொன்ன ‘டெட்லைன்’ என்னும் 1982ஆம் ஆண்டுக் கணினிக் கதைவிளையாட்டும் சோதித்தறியும் இவ்வின்பத்தையே நல்கியது. ஆயினும், விடையைக் கையால் தொட்டறியச் செய்வதில் ஜாதகமே மேலானதென்பது என் துணிபு. பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, வினாவோடு நிறுத்தி, கோலும் நூலும் ஒரு பாத்திரத்தில் நீரும் கொடுத்துவிடுங்கள்.